ஒட்டிக்கொண்ட ஒரு 'ட'

இங்கிலாந்தில் குளிர்காலம் முடியும் தறுவாயில் மளிகைக் கடைகளில்கூடச் சின்னத் தொட்டிகளில் மஞ்சள் டாஃபடில் விற்பனைக்கு வந்துவிடும். ஏறக்குறைய ஒரு சாண் உயரம்தான். பல தண்டுகளில் இரண்டு பூக்கள் இருக்கும், பக்கத்து வீட்டுக் கதை பேசுகிற மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு. இந்த வகையின் பெயர் 'தெத் அ தெத்'. தலைக்குத் தலை என்று பொருள். இருவர் தனித்துப் பேசுவதைப் பிரெஞ்சுக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நாம் வைத்திருந்தால் 'குசுகுசு' என்று வைத்திருப்போம். கார்ன்வாலில் அலெக் கிரே 1940களில் உருவாக்கிய குட்டை ரகம் இது. அதே விதைக்காயில் பிறந்த உடன்பிறப்புகள் இன்னும் இரண்டு உண்டு: ஜம்ப்ளி, குயின்ஸ்.

குட்டைப் பூவின் பெயர்க்கதை இவ்வளவுதான். 'டாஃபடில்' என்ற குடும்பப் பெயர் இருக்கிறதே, அது வேறொரு செடியிடம் வாங்கிய கடன்.

நம்மில் பலருக்கு அது பாடப்புத்தகத்தில் மட்டும் பூத்த பூ. வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில் கவிதையை மனப்பாடம் செய்து, பூவைப் பார்க்காமலே மதிப்பெண் வாங்கியவர்கள் நாம். அந்தப் பெயரின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. மத்தியதரைக்கடல் ஓரத்துக் கல்லாங்காடுகளில் வெளிறிய பூக்களோடு நிற்கும் செடி 'அஸ்ஃபொடெலோஸ்'. ஹோமரின் ஒடிசியில் இறந்தோர் உலவும் வெளியில் பூத்திருப்பது அதுதான். லத்தீன் அதை வாங்கியது. இடைக்கால லத்தீனில் நடுவிலிருந்த 'ஸ்' கரைந்து 'அஃபொடில்லுஸ்' ஆயிற்று, ஆங்கிலத்தில் 'அஃபொடில்'. 16ஆம் நூற்றாண்டுவாக்கில் அந்தப் பெயர் நார்சிசஸ் இனத்து மஞ்சள் பூவிடம் போய்ச் சேர்ந்தது. போகிற வழியில் தலையில் ஒரு 'ட'வும் ஏறிக்கொண்டது. டச்சு மொழியில் பெயருக்கு முன்னால் வரும் 'டெ' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்பது ஊகம். ஊகம்தான், ஆனால் நம்பத் தகுந்த ஊகம். பழ வியாபாரத்தில் இதற்கு நேர் எதிரானது நடந்திருக்கிறது. நம் நாரத்தையோடு உறவுடையதாகப் பலர் கருதும் 'நாரங்க' என்ற சொல் பாரசீகம், அரபு வழியே ஐரோப்பாவுக்குப் போய், முன்னிருந்த 'ந'வைத் தொலைத்துவிட்டு 'ஆரஞ்சு' என்று திரும்பி வந்தது.

தாவரவியல் பெயரான நார்சிசஸுக்கு எல்லோரும் சொல்வது, நீரில் தன் முகத்தைப் பார்த்து மயங்கிய இளைஞனின் கதை. முதலாம் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் பிளினி இதை மறுத்தார். மரத்துப்போதலைக் குறிக்கும் 'நார்கே' என்ற கிரேக்கச் சொல்தான் மூலம், கதை இளைஞன் அல்ல என்றார். 'நார்கோட்டிக்' அந்த வேரில் பிறந்ததே. இன்றைய மொழியியலாளர் பலர் அதையும் ஏற்பதில்லை. 'இஸ்ஸோஸ்' என்ற முடிவைப் பார்த்து, கிரேக்கருக்கு முன்பே அங்கு வாழ்ந்தவர்களின் சொல் என்கிறார்கள். இளைஞன் பூவுக்குப் பெயர் தரவில்லை, பூதான் இளைஞனுக்குத் தந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. பாரசீகத்தில் இந்தப் பூ 'நர்கிஸ்'. உருதுக் கவிஞர்களுக்குக் காதலியின் கண். நமக்கோ முதலில் ஓர் இந்தி நடிகை, பிறகு 2008இல் மியான்மரைச் சூறையாடிய புயல்.

'ஜாங்கில்' என்ற மணமுள்ள வகையின் பெயரில் இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. ஸ்பானிய மொழியில் 'ஹுங்கோ' என்றால் கோரை, 'ஹுங்கில்யோ' சின்னக் கோரை. இலையைத் தடவிப் பார்த்தால் போதும்: ஒல்லியாக, உருண்டையாகக் கோரை மாதிரியே இருக்கும். தோட்டத்தில் குனிந்து வேலை செய்தவர் எவரோ வைத்த பெயர்.

வேல்ஸ் மக்களும் அப்படிக் குனிந்து பார்த்தவர்கள்தான் போலும். லீக் என்னும் வெங்காய இனக் கீரையை நினைத்து டாஃபடிலுக்கு 'பேதுருவின் லீக்' என்று பெயரிட்டார்கள். கிழங்கும் சின்ன வெங்காயம் போலத்தான் இருக்கும். ஆனால் அதில் லைகோரின் என்ற நஞ்சு உண்டு. தின்றால் வாந்தி நிச்சயம். தொட்டிக்காகக் கிழங்கு வாங்கி வருபவர்கள் அதை வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம்.