கணக்குக் கேட்ட பெண்மணி

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பிளாக்பீட் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட நிலப்பகுதியில், 1945ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் பிறந்தவர் எலூயிஸ் கோபெல். அவருடைய குலப்பெயர் 'மஞ்சள் பறவைப் பெண்'. மின்விளக்கும் குழாய்நீரும் இல்லாத வீட்டில் வளர்ந்த அவருடைய செவியில், பெரியவர்களின் ஒரே ஏக்கம் விழுந்துகொண்டேயிருந்தது: நிலம் நம்முடையது, அதன் பணம் எங்கே?

இவ்வினாவின் வேர் 1887ஆம் ஆண்டின் டாஸ் சட்டத்தில் கிடக்கிறது. குலத்தாரின் பொது நிலத்தை அச்சட்டம் தனித்தனி ஆட்களுக்குப் பங்கிட்டது. 'உபரி' என்று கணிக்கப்பட்டதை வெள்ளையர் குடியேற்றத்துக்குத் திறந்துவிட்டது. 13 கோடியே 80 லட்சம் ஏக்கராக இருந்த பூர்வகுடியினரின் நிலம் 1934இல் 4 கோடியே 80 லட்சமாகச் சுருங்கியது. பங்கு பெற்றவர்களுக்கு அதை நிர்வகிக்கத் தெரியாது என்று கூறி, அரசே அறங்காவலராக அமர்ந்தது. எண்ணெய், மரம், மேய்ச்சல் ஆகியவற்றின் குத்தகையை வசூலித்து உரியவர் கணக்கில் சேர்ப்பது அதன் கடமை. உரிமையாளர்கள் மறைய மறைய வாரிசுகள் பெருகினர்; ஒரே துண்டு நிலத்துக்கு நூற்றுக்கணக்கான பங்காளிகள் உண்டாயினர். எவருக்கு எவ்வளவு என்பது அரசின் ஏடுகளிலேயே தொலைந்துபோயிற்று. பொறுப்புடன் எழுதப்படவே இல்லை என்பதுதான் இன்னும் சரி.

கோபெல் வணிகவியல் பயின்றவர். புற்றுநோயுற்ற தாயைப் பேணுவதற்காகப் படிப்பை இடையில் விட்டவர். குலத்தின் பொருளாளராகப் பொறுப்பேற்றுக் கணக்குகளைப் புரட்டியபோது அவை ஒன்றோடொன்று ஒட்டவில்லை. விளக்கம் கேட்டார். முதலில் கணக்குப் படிக்கக் கற்றுக்கொள் என்பதாக அதிகாரத்தின் மறுமொழி வந்தது. கணக்காளரிடம் சொல்லத் தகாத சொல் அது! 1987இல் அவர் முன்னின்று நிறுவிய பிளாக்பீட் தேசிய வங்கியே அதற்குத் தக்க விடையாயிற்று. ஒதுக்கீட்டு நிலத்தில் பழங்குடியினருக்கே உரிமையாய் அமைந்த முதல் தேசிய வங்கி அது.

1996 ஜூன் 10 அன்று, மேலும் நால்வருடன் சேர்ந்து, லட்சக்கணக்கான கணக்குதாரர்களின் சார்பில் அரசின்மீது வழக்குத் தொடுத்தார். வழக்குக்குப் பணம் வேண்டுமல்லவா? 1997இல் மெக்கார்தர் அறக்கட்டளை அவருக்கு அளித்த பரிசுத்தொகையின் பெரும்பகுதியை அதிலேயே இட்டார். லானன் அறக்கட்டளையும் கைகொடுத்தது. கொடை என்றால் உணவும் உடையும் வழங்குவது என்று மட்டுமே எண்ணிப் பழகிய நமக்கு, நீதிமன்றச் செலவும் அறக்கொடையாகும் என்பது சற்றுப் புதிதாகத் தோன்றலாம்.

1999இல் நீதிபதி ராய்ஸ் லாம்பர்த், ஆவணங்களை ஒப்படைக்கத் தவறியதற்காக அமைச்சர்கள் பாபிட், ரூபின் இருவரையும் நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளிகள் என்று அறிவித்தார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே கருவூலத் துறை 162 பெட்டி ஆவணங்களை அழித்ததும் வெளிவந்தது. அதே ஆண்டு அரசு தன் அறங்காவல் கடமையை மீறியதாகத் தீர்ப்பு வந்தது. ஆயினும் முறையீடுகள் தொடர்ந்தன. 2006இல் லாம்பர்த் வழக்கிலிருந்து விலக்கப்பட்டார்.

1883-84 பனிக்காலத்தில் அரசு தரவேண்டிய உணவு வந்து சேராமல் பிளாக்பீட் மக்கள் சுமார் 500 பேர் பட்டினியால் மாண்டனர். அவர்கள் புதைக்கப்பட்ட மேட்டுக்கு 'ஆவிகளின் மேடு' என்று பெயர். கோபெல் கேட்ட கணக்கில் அந்த மேடும் அடங்கியிருந்தது என்றே நான் கருதுகிறேன்.

2009 டிசம்பரில் 340 கோடி டாலருக்கு உடன்பாடு எட்டப்பட்டது. ஏறத்தாழ 150 கோடி கணக்குதாரர்களுக்கு. 190 கோடி, சிதறிய பங்குகளை வாங்கிக் குலங்களுக்கே மீட்டளிக்க. நியாயமாகச் சேரவேண்டியது இதைவிடப் பன்மடங்கு என்பதை அவர் மறைக்கவில்லை. முதியோர் ஒவ்வொருவராய் மறைந்துகொண்டிருந்தனர், ஆகவே இசைந்தார். இது போதாது என்று மேல்முறையீடு செய்தோரும் அவருடைய மக்களுள் இருந்தனர். அவர்களைக் குறைகூற இயலாது.

நிலம் மீட்பில் ஒரு பங்கு, 6 கோடி டாலர் வரை, பூர்வகுடி மாணவரின் உயர்கல்விக்கென ஒதுக்கப்பட்டது. அந்த உதவித்தொகை கோபெலின் பெயரையே தாங்குகிறது.

2011 அக்டோபர் 16 அன்று புற்றுநோயால் அவர் மறைந்தார். முதல் தவணையான தலைக்கு 1000 டாலர் காசோலைகள் 2012 டிசம்பரில் அஞ்சலில் புறப்பட்டன.