‘அண்ணா’ என்னும் விளி: பம்பாய்த் தமிழ் விற்பனையாளரும் முதற்பார்வையின் வரலாறும்

1887ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டேட்டன் நகரிலிருந்த நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனம் தன் விற்பனையாளர்களுக்கென ஒரு கையேட்டை உருவாக்கியது. கடைக்காரர் ஒருவரை முதன்முதலாகச் சந்திக்கும்போது எப்படிப் பேச்சைத் தொடங்குவது, எப்படி முடிப்பது என்பதை அது வகுத்துத் தந்தது. விற்பவர் அதை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். அதன் வழியில் பின்னர் வந்த எண்ணற்ற விற்பனை நூல்களுக்கு ஒரு பொது நம்பிக்கை உண்டு: முதற்பார்வையில் எழும் மதிப்பு விற்பவரின் கையில் இருக்கிறது, உடை, புன்னகை, சொல் ஆகியவற்றால் அவர் அதை ஆக்கிக்கொள்ளலாம். பம்பாய்த் தமிழரின் வணிக வரலாறு இந்நம்பிக்கையை அப்படியே ஏற்க இடம் தரவில்லை. அங்கே விற்பவர் வாய் திறப்பதற்கு முன்பே அவரைப் பற்றிய மதிப்பீடு வாங்குபவரின் மனத்தில் உருவாகியிருந்தது.

தாராவியில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தமிழ் முஸ்லிம்கள் தோல் பதனிடும் கூடங்களை அமைத்தனர். திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் உழைப்பாளர்கள் அங்கே வந்து குடியேறினர். 1887இல் தொடங்கப்பட்ட பெரிய பள்ளிவாசலும் 1913இல் எழுந்த விநாயகர் கோயிலும் அக்குடியேற்றத்தின் பழமைக்குச் சான்றுகள். தோலின் வாடையும் அத்தொழிலோடு பிணைக்கப்பட்ட தீட்டுக் கருத்தும் அம்மக்களை நகரின் கண்ணில் முன்கூட்டியே வரையறுத்தன.

மாட்டுங்காவின் கதை வேறு. 1896இல் பரவிய கொள்ளைநோய்க்குப் பின், 1898இல் நிறுவப்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை திட்டமிட்டு உருவாக்கிய குடியிருப்பு அது. எழுத்தர், தட்டச்சர், சுருக்கெழுத்தாளர் பணிகளுக்கு வந்த தென்னிந்தியர் அங்கே திரண்டனர். 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் அங்கே தொடங்கப்பட்டது. வாங்குபவரும் விற்பவரும் ஒரே பண்பாட்டைப் பகிர்ந்த அக்கடைத்தெருவில் முதற்பார்வை என்பது அறிமுகத்தின் மறுபெயராக இருந்தது. காப்பிக்கொட்டை அரைபடும் மணம் கடையின் பெயர்ப்பலகைக்கு முன்பே வாடிக்கையாளரை எட்டியது. மல்லிகை முழத்தால் அளக்கப்பட்டது. ‘வாங்க மாமி’ என்ற இரு சொற்கள் போதும். விற்பவர் தம்மை வேறெவ்வகையிலும் நிறுவிக்கொள்ள வேண்டியதில்லை. பின்னர் செம்பூரிலும் இத்தகைய சூழலைத் தென்னிந்தியர் உருவாக்கிக்கொண்டனர்.

இந்த வட்டத்திற்கு வெளியே நிலைமை மாறியது. 1960இல் மகாராஷ்டிர மாநிலம் உருவானது. அதே ஆண்டில் ‘மார்மிக்’ என்ற கேலிச்சித்திர வார இதழும் வெளிவரத் தொடங்கியது. நிறுவனங்களில் உயர்பணியிலிருந்த மராத்தியரல்லாதாரின் பெயர்களை அது பட்டியலிட்டு வெளியிட்டது. 1966இல் சிவசேனை தோன்றியது. தென்னிந்திய உணவகங்கள் தாக்கப்பட்டன. லுங்கியை விரட்டச் சொல்லும் முழக்கம் தெருவில் ஒலித்தது. வேட்டிக்கும் லுங்கிக்கும் உள்ள வேறுபாட்டை அம்முழக்கம் கருதவில்லை. விற்பனை நூல்கள் தனிமனிதரின் திறனுக்குள் அடக்கும் உடையும் உச்சரிப்பும் இவ்வாறு அரசியல் குற்றச்சாட்டின் சான்றுகளாயின. ‘மதராசி’ என்ற ஒற்றைச் சொல், தமிழரையும் கன்னடரையும் மலையாளியையும் ஒரே முகமாக்கியது.

இத்தகைய நகரில் நாள்தோறும் அறிமுகமற்ற தெருக்களுக்குச் சென்று விற்றவர் தாராவியின் இட்லி வியாபாரி. விடியலுக்கு முன் அவித்த இட்லியைப் பாத்திரத்தில் அடுக்கி, சட்னியும் சாம்பாரும் கொண்ட கலன்களோடு மிதிவண்டியில் அவர் புறப்படுகிறார். அவரது முகத்திற்கு முன்னால் செல்வது ரப்பர் ஊதுகுழலின் ஓசை. அதைக் கேட்டு மேல்மாடியிலிருந்து எழும் குரல் ‘அண்ணா’ என்கிறது. தமிழில் உடன்பிறப்பைக் குறிக்கும் அவ்விளி, மும்பையில் தென்னிந்திய வியாபாரி எவருக்குமான பொதுப்பெயர். சில நாவுகளில் அது மரியாதை. சில நாவுகளில் ஏளனம். வியாபாரியின் மறுமொழியோ பெரும்பாலும் ‘தாயி’. மராத்தியில் அதன் பொருள் அக்கா. தமிழ்ச் செவிக்கு அது தாய். அவ்வகையில், பிறர் சூட்டிய பெயரை ஏற்றுக்கொண்டே அவர் ஓர் உறவுமுறையைத் தொடங்கிவிடுகிறார். மறுநாளும் அதே நேரத்தில் அதே ஓசை கேட்கும்போதுதான் அவ்வுறவு நம்பிக்கையாகிறது.

தோல் வணிகம் வேறொரு விடையைக் கண்டது. 1970களின் தொடக்கத்தில் இறைச்சிக்கூடம் பாந்திராவிலிருந்து தேவனாருக்கு மாறியது. பதனிடும் கூடங்களும் காலப்போக்கில் தாராவியை விட்டு அகன்றன. பை, இடைவார், மேற்சட்டை தைக்கும் பட்டறைகள் எஞ்சின. குறுகிய சந்துகளுக்குள் நுழையத் தயங்கும் வாடிக்கையாளருக்காக, பெருஞ்சாலையின் ஓரத்தில் கண்ணாடி முகப்பும் குளிர்சாதன வசதியும் கொண்ட காட்சிக்கூடங்கள் எழுந்தன. ‘சேரி’ என்ற சொல் முன்கூட்டியே விதைத்த ஐயத்திற்குக் கண்ணாடி அளித்த மறுமொழி அது.

முதற்பார்வையின் வரலாற்றை எழுதுவோர் விற்பவரின் திறமையோடு நின்றுவிட இயலாது. வாங்குபவரின் கண் எங்கே பழக்கப்பட்டது என்பதையும் ஆராய வேண்டும். இக்கேள்வி கடந்த காலத்தோடு முடிந்துவிடவுமில்லை. 2022இல் ஒப்பந்தப்புள்ளி முடிவான தாராவி மறுமேம்பாட்டுத் திட்டம் சதுர அடிகளையும் குடியேறிய ஆண்டுகளையும் கணக்கிடுகிறது. ஒரு தெருவில் பல பத்தாண்டுகளாகச் சேர்த்த அறிமுகத்திற்கு அக்கணக்கில் இடமில்லை. இடம்பெயர்க்கப்படும் வியாபாரி புதிய வாசலில் மீண்டும் அறிமுகமற்றவராகவே நிற்பார்.