ஊழி முடிவு: அறிவியலும் சைவ சித்தாந்தமும்

ஊழி முடிவு என்பது பிரபஞ்சம் முழுவதும் ஒடுங்குகிற காலம். லண்டன் டூட்டிங்கில், அப்பர் டூட்டிங் சாலைக் கடைவரிசைக்கு நடுவே உள்ள முத்துமாரி அம்மன் கோயிலுக்கு வரும் சைவர்களுக்கு இது பழகிய கருத்து. நடராசரின் பின் வலக்கை உடுக்கை தோற்றத்தையும் பின் இடக்கைத் தீ ஒடுக்கத்தையும் குறிக்கும் என்று சிறுவயதிலேயே கேட்டவர்கள் அவர்கள்.

இவ்வூருக்கு வேறொரு தொடர்பும் உண்டு. 1878 முதல் 1881 வரை டிரினிட்டி சாலையில் குடியிருந்தவர் நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி. கிறித்தவ நம்பிக்கை தளர்ந்திருந்த அவர் 1882-இல் ‘டூ ஆன் எ டவர்’ நாவலை வெளியிட்டார். அதன் நாயகன் ஓர் இளம் வானியலாளன். விண்மீன்களும் எரிந்து தீரும் என்பது அவனை அச்சுறுத்தும்.

இன்றைய அறிவியலும் பெரும்பாலும் அந்தப் பக்கமே நிற்கிறது. பெருவெடிப்புக்குப் பின் 1,380 கோடி ஆண்டுகள் கடந்துவிட்டன. பிரபஞ்சத்தின் விரிவு ஒருநாள் நின்று எல்லாம் மீண்டும் சுருங்கலாம் என்ற எண்ணத்தை 1998-இல் வெளியான சூப்பர்நோவா ஆய்வுகள் பின்னுக்குத் தள்ளின. விரிவின் வேகம் கூடிக்கொண்டிருப்பதை அவை காட்டின. இக்கண்டுபிடிப்புக்கு 2011-இல் நோபல் பரிசு கிடைத்தது. இப்படியே போனால் ஏறத்தாழ 100 லட்சம் கோடி ஆண்டுகளில் புதிய விண்மீன்கள் பிறப்பது நின்றுவிடும். மிஞ்சுவது குளிரும் இருளும்தான்.

உலகுக்கு முடிவு உண்டு என்ற கருத்துக்குச் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டில் தொலைநோக்கி இல்லாமல் தருக்கத்தால் வந்தார். உலகம் என்றும் உள்ளது என்ற பொருள்முதல்வாதிகளான உலகாயதருக்கு, அதன் பகுதிகள் தோன்றி அழிவதைக் காட்டி, முழுமையும் அவ்வாறே என்று சிவஞானபோதத்தின் முதற்சூத்திரத்தில் நிறுவினார். ஆனால் சித்தாந்தத்தில் எதுவும் இல்லாமல் போவதில்லை. உலகம் தன் முதற்காரணமான மாயையில் ஒடுங்கும். பிறந்து இளைத்த உயிர்கள் இளைப்பாறும். உயிர்களைப் பற்றிய அழுக்கான மலம் தீராததால் உலகம் மீண்டும் தோன்றும். ஒடுக்கியவனே மீளத் தோற்றுவிப்பவன் என்பதால் சங்காரக் கடவுளே முதற்கடவுள்.

இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸ் 2010-இல் நூலாக விளக்கிய சுழல் பிரபஞ்சக் கோட்பாட்டிலும் ஒரு யுகத்தின் முடிவே அடுத்ததன் பெருவெடிப்பு. இதைக் காட்டி, சித்தாந்தம் அன்றே அறிவியலைச் சொல்லிவிட்டது என்று மேடைகளில் முழங்குவது மிகை. பென்ரோஸின் சுழற்சியில் இளைப்பாற உயிரும் இல்லை, ஒடுக்கக் கடவுளும் இல்லை. வானியலாளர் பலர் அதை ஏற்கவுமில்லை. பிரமனின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு என்ற புராணக் கணக்கு பூமியின் வயதான 454 கோடியை நெருங்குவதும் தற்செயலே.

அறிவியலின் கணிப்பும் மாறக்கூடியதே. விரிவைத் தூண்டும் இருள் ஆற்றல் காலப்போக்கில் வலுவிழக்கக்கூடும் என்று அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள ‘டெசி’ கருவியின் 2024, 2025 முடிவுகள் குறிப்புக் காட்டின. அது இன்னும் உறுதியாகவில்லை.