ஒழுங்கையும் வேகமும்: யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சிறு வழிகளின் வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பெருவீதிகளை அரசுகள் அமைத்தன. ஒழுங்கைகளைக் குடும்பங்கள் உண்டாக்கின. வீட்டு வாசலை உரசிக்கொண்டு ஓடும் மோட்டார் சைக்கிள்களைப் பற்றியும், பெருவீதியின் நெரிசலைத் தவிர்க்க ஒழுங்கைக்குள் நுழையும் வாகனங்களைப் பற்றியும் இன்று எழும் முறைப்பாடுகளின் வேர் இந்த வேறுபாட்டிலேயே இருக்கிறது. ஏனெனில், ஒழுங்கை ஊடறுத்துச் செல்வதற்காக அமைக்கப்பட்ட வழியன்று. இரு பக்கமும் வேலி அடைக்கப்பட்ட வளவுகளுக்கு நடுவே, அவ்வளவுகளுக்குப் போய் வருவதற்காகவே விடப்பட்ட வழி அது.

ஒல்லாந்தர் ஆட்சியில் 1707ஆம் ஆண்டு கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தளித்த தேசவழமை, பெண்மக்களுக்குச் சீதனமாகக் காணி பிரித்துக் கொடுக்கும் வழக்கத்தையும் ஏனைய சொத்து வழக்கங்களையும் எழுத்தில் பதிந்தது. வளவு என்பது வீடு, கிணறு, பயன்தரு மரங்கள் ஆகியவற்றைத் தன்னுள் அடக்கி வேலியால் சூழப்பட்ட காணியாகும். அது தலைமுறைதோறும் துண்டுபடும்போது, உட்புறத்துப் பங்குக்கு வீதியைத் தொட ஒரு வழி விட்டாக வேண்டும். ஆகவே குடாநாட்டுக் காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கோடு சேர்த்து ‘வழிவாய்க்கால்’ உரிமையும் எழுதப்பட்டது. இவ்வாறு விடப்பட்ட வழிகள் காலப்போக்கில் ஒன்றோடொன்று தொடுத்துக்கொண்டு பொதுவழிகளாயின. பல ஒழுங்கைகள் காரணமின்றி முடங்கித் திரும்புவதுபோலத் தோன்றினாலும், ஒவ்வொரு முடக்கும் ஏதோ ஒரு பழைய பங்கீட்டின் எல்லையைத் தொடர்ந்து செல்வதாகவே இருக்கும்.

அகலம் ஒரு வண்டில் போகும் அளவு. குச்சொழுங்கையானால் அதுவும் இல்லை. தரை மணல், நடுவே சக்கரத் தடம் இரண்டு. பூவரசு, கிளுவை போன்ற மரங்களின் தடிகளைக் கதிகாலாக நட்டு, அவை வேர்விட்டுத் தழைத்த பின் இடையில் கிடுகோ பனையோலையோ வைத்துக் கட்டிய வேலி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். அதில் அயல்வீட்டார் குனிந்து நுழைந்து போகும் சிறு இடைவெளியைப் பொட்டு என்பர். கதிகால் பருக்கப் பருக்க வேலி ஒழுங்கைப் பக்கம் சாய்ந்தது; புதிதாக அடைக்கும் காலங்களில் சில அங்குலம் வெளியே தள்ளி அடைப்பவர்களும் இருந்தார்கள், அதனால் நீதிமன்றம் ஏறியவர்களும் இருந்தார்கள். விரைவாகச் செல்வது இங்கே குற்றமாக இருக்கவில்லை; அது நடவாத காரியமாக இருந்தது. வேகத்தை விரும்பியவர்களுக்கு மாட்டுவண்டிச் சவாரியும் அதற்கெனச் சவாரித் திடல்களும் இருந்தன.

இந்த அமைதியை மிகைப்படப் புகழ்வது சரியாகாது. வழியில் யார் நடக்கலாம், எப்படி நடக்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்த சமூகம் அது. பொது இடங்களில் சாதியின் பேரால் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல்தான் வந்தது. ‘எங்கள் ஒழுங்கைக்குள் வெளியார் வரவேண்டாம்’ என்ற குரலுக்குப் பின்னால் இந்தப் பழைய நிழலும் உண்டு என்பதால், இன்றைய முறைப்பாட்டை வேகம், ஆபத்து என்ற அளவோடு நிறுத்திப் பார்ப்பதே நியாயம்.

பிரித்தானியர் காலத்தில் அரசாங்க அதிபராக 1829 முதல் 1867இல் இறக்கும்வரை பெரும்பாலும் தொடர்ந்து பணியாற்றிய பேர்சிவல் ஆக்லண்ட் டைக்கின் நிர்வாகமும், வயதுவந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவோ அதற்கு ஈடாகப் பணம் செலுத்தவோ வேண்டும் என்ற 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டமும் பெருவீதிகளை வளர்த்தன. ஆனாலும் அக்காலத்துப் பெருவீதிகூட வழிப்போக்கன் தங்கி இளைப்பாறிச் செல்வான் என்ற எண்ணத்தை விட்டுவிடவில்லை. பருத்தித்துறை தும்பளை வீதியிலுள்ள தெருமூடிமடத்தில் இருபுறமும் கல்தூண்களோடு கூடிய திண்ணைகள் அமைந்திருக்க, வீதி நடுவே கூரையின் கீழ் நுழைந்து வெளியேறுகிறது. சுமைதாங்கியும் ஆவுரோஞ்சிக் கல்லும் கேணியும் இதே எண்ணத்தின் வேறு வடிவங்கள்.

ஒழுங்கையை ஊடறுக்கும் பழக்கத்தைப் பரவலாக்கியது போர்தான். 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்து, பின்னர் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமானபோது காங்கேசன்துறை வீதி, பலாலி வீதி ஆகியவற்றின் வடபகுதிகள் மூடப்பட்டன. பலாலி வீதியின் ஒரு பகுதி 2025 ஏப்ரலில்தான் நிபந்தனைகளோடு திறக்கப்பட்டது. முகாமும் சோதனைச்சாவடியும் வீதியை மறித்த இடங்களிலெல்லாம் ஒழுங்கையே மாற்றுவழி. ஆபத்து நேரத்தில் பொட்டும் வழி. ஆயினும் எரிபொருள் தடை நிலவிய அக்காலத்தில் சைக்கிளும் மண்ணெண்ணெயில் புகைந்து ஓடிய பழைய கார்களுமே பெரும்பாலும் வீதியில் இருந்தமையால், குறுக்குப் போக்குவரத்து வந்ததே தவிர வேகம் வரவில்லை.

வேகம் 2009க்குப் பின் வந்தது. ஏ9 வீதி மீண்டும் திறந்தது, குத்தகை முறையில் மோட்டார் சைக்கிள் வாங்குவது எளிதாயிற்று, உள்வீதிகளுக்குக் காப்பெற் இடப்பட்டது, கிடுகு வேலி போய் மதில் வந்தது. மதில் ஒழுங்கையை நேராக்கியதோடு முடக்கில் எதிரே வருபவரை முற்றாக மறைக்கவும் செய்தது. வேலியின் நீக்கலூடாகத் தெரிந்த அசைவும் கேட்ட ஓசையும் மதிலில் இல்லை. மாலையில் தனியார் கல்வி நிலையம் விட்டதும் சைக்கிளில் வரும் பிள்ளைகளும், காவலைத் தவிர்த்து உள்வழியால் மணல் ஏற்றி ஓடும் டிப்பர்களும் ஒரே ஒழுங்கையில் எதிர்ப்படுகின்றன. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கோயிலைச் சூழ்ந்த வீதிகள் மூடப்படும் 25 நாளும், அயலிலுள்ள சிறு வழிகள் நகரப் போக்குவரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் மோட்டார் சைக்கிளுக்கு மணிக்கு 50 கிலோமீற்றர், முச்சக்கர வண்டிக்கு 40 கிலோமீற்றர் என்பது சட்டம் விதித்த எல்லை. இரு கைகளையும் விரித்தால் இரு மதில்களையும் ஏறக்குறையத் தொடக்கூடிய குச்சொழுங்கைக்கு அந்த எண்களால் என்ன பயன் என்பது வேறு கேள்வி.

வடிவத்தால் வேகத்தைக் குறைக்கும் முறையை ஐரோப்பா பின்னர்தான் கண்டுகொண்டது. நெதர்லாந்தின் டெல்ஃப்ற் நகரில் 1960களின் இறுதியில் தோன்றி 1976இல் சட்ட ஏற்புப் பெற்ற ‘வோனெர்ஃப்’ முறையில், குடியிருப்புத் தெருவை வேண்டுமென்றே வளைத்து, மரமும் இருக்கையும் வைத்து, நடப்பவருக்கே முதலிடம் கொடுத்தார்கள். ஒல்லாந்தர் அந்நகரின் பெயரையே நெடுந்தீவுக்கு இட்டிருந்தார்கள். அத்தீவின் பவளக்கல் மதில்களுக்கு இடையே வளைந்து செல்லும் வழிகளுக்கு அப்படி ஒரு திட்டம் தேவைப்பட்டதில்லை.

இன்று ஒழுங்கையின் பொறுப்பு பிரதேச சபைக்கோ நகர, மாநகர சபைக்கோ உரியது. பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கும் மாகாண வீதித் திணைக்களத்துக்கும் உரியவை. ஓட்டுநரைப் பிடிப்பது பொலிஸாரின் வேலை. ஆகவே வேகத்தைப் பற்றிய முறைப்பாடு ஓரிடத்திலும், வேகத்தடை கேட்கும் மனு வேறோரிடத்திலும் கொடுக்கப்படுகின்றன. மதிலைப் பின்தள்ளி ஒழுங்கையை அகலமாக்கவும் காப்பெற் இடவும் கேட்கும் மனுவோ வேகத்தடை மனு போகும் அதே சபைக்குத்தான் போகிறது; பல ஊர்களில் இரண்டிலும் ஒப்பமிடுபவர்கள் அதே ஒழுங்கைக்காரர்களே.