யார் வைக்கச் சொன்னது?

மார்பகத்தைப் பெரிதாக்கிக்கொண்ட ஒரு பெண், சில ஆண்டுகள் கழித்து அதைச் சரிசெய்ய மறுபடி மருத்துவரிடம் போனால் நம் ஊரில் என்ன சொல்வார்கள்? "யார் இவளை வைக்கச் சொன்னது?" என்பார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை நண்பர்களே!

எங்கள் திண்டுக்கல் மலைக்கோட்டையிலிருந்தே தொடங்குகிறேன். மூன்றாம் மைசூர்ப் போரில், 1790-ல், ஆங்கிலேயர் இக்கோட்டையைப் பிடித்தார்கள். அதே போரில் அவர்களுக்கு மாட்டுவண்டி ஓட்டிய காவாஸ்ஜி, திப்புவின் படையிடம் சிக்கி மூக்கை இழந்தார். புனே அருகே நாட்டு வைத்தியர் ஒருவர் நெற்றித் தோலை எடுத்து அவருக்கு மூக்கு செய்து கொடுத்தார். 1794-ல் இது லண்டன் பத்திரிகையில் வந்தது. 1814-ல் கார்ப்யூ என்ற மருத்துவர் அதே முறையை அங்கே செய்து பார்த்தார். ஆக, இந்தக் கலையின் வேரே குறையைச் சரிசெய்வதுதான்.

மார்பகத்தின் கதை 1962-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், ஏழைகளுக்கான ஒரு மருத்துவமனையில் தொடங்குகிறது. ஆறு பிள்ளைகளின் தாயான டிம்மி ஜீன் லிண்ட்சி போனது மார்பில் குத்தியிருந்த பச்சையை அழிக்க! காதையும் சரிசெய்து தருவதாகச் சொன்னதால் சம்மதித்தார். சிலிகான் ஜெல் பை பொருத்தப்பட்ட முதல் பெண் அவரே. காசு வாங்கவில்லை.

ஆனால் பை நிரந்தரமல்ல. அதைச் சுற்றி உடல் தழும்புத் திசுவால் உறை கட்டும். உறை இறுகினால் மார்பு கெட்டியாகும், வலிக்கும். பை கிழியவும் கூடும். அப்போது அதை எடுப்பதா, மாற்றுவதா என்ற கேள்வி வரும். இது அவள் செய்த தவறல்ல, பொருளின் இயல்பு.

சில நேரம் நிறுவனமே ஏமாற்றியது. பிரான்சின் பிஐபி நிறுவனம் தொழிற்சாலை ரக சிலிகானை நிரப்பியது 2010-ல் அம்பலமானது. 2011 டிசம்பரில் பிரான்ஸ் அரசு சுமார் 30,000 பெண்களை அதை எடுத்துவிடச் சொல்லி, எடுக்கும் செலவையும் ஏற்றது. அழகுக்காக வைத்தவர்களுக்குப் புதிய பை பொருத்தும் செலவை மட்டும் ஏற்கவில்லை. நிறுவனர் 2013-ல் நான்காண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

2018-ல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகு அறுவை ஏழைகளுக்கு இலவசம் என அறிவிக்கப்பட்டது. பலர் கேலி செய்தார்கள். அழகு சிகிச்சை ஏழைக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்று அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் கேட்டார். நியாயமான கேள்வி! என் கேள்வி அதற்கு அடுத்தது. பத்தாண்டு கழித்து வரக்கூடிய மறு அறுவை? இலவசம் என்ற சொல்லில் அதுவும் அடங்க வேண்டாமா?

திண்டுக்கல்லிலும் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. வேடசந்தூரிலிருந்தோ நிலக்கோட்டையிலிருந்தோ ஒரு பெண் வந்து, "என் உடம்பில் என்ன பை வைத்தார்கள், இனி என்ன செய்யலாம்?" என்று கூசாமல் கேட்க முடிய வேண்டும். மூக்கிழந்த வண்டிக்காரரை யாரும் "போருக்கு யார் போகச் சொன்னது?" என்று கேட்கவில்லையே!