பலிபீடத்தின் படிகள் – 17: மக்காவின் குரு

இந்த வாரம் 1992 நவம்பர் 11-க்குப் போவதாக இருந்தோம். பெண்களுக்குக் குருப்பட்டம் தரலாம் என்று இங்கிலாந்து திருச்சபை வாக்களித்த நாள். லீ டிம்-ஓய் என்ற சீனப் பெண்ணைச் சொல்லாமல் அந்த வாக்கெடுப்பு மண்டபத்தின் படியேற எனக்கு மனம் வரவில்லை. வாக்கெடுப்பு அடுத்த வாரம்.

1941 கிறிஸ்துமஸ் அன்று ஹாங்காங் ஜப்பானிடம் விழுந்தது தெரிந்த கதைதான். பக்கத்தில் இருந்த மக்காவ் போர்ச்சுகலின் கையில் இருந்ததால் போரிலிருந்து தப்பியது. தப்பிய ஊரை நோக்கி அகதிகள் திரண்டார்கள், பசியும் கூடவே வந்தது. அங்கே ஆங்கிலிக்கன் சபையைத் தாங்கியவர் 34 வயது டீக்கன் லீ. ஞானஸ்நானம், அடக்க ஆராதனை, பசித்தவர்களுக்கு உதவி எல்லாம் அவர் தலையில். திருவிருந்தின் அப்பத்தையும் ரசத்தையும் ஆசீர்வதிக்க மட்டும் அவருக்கு உரிமையில்லை. அன்று அது குருப்பட்டம் பெற்ற ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. போர்க்காலத்தில் அவர்களில் எவராலும் மக்காவ் வந்துசேர முடியவில்லை.

முதலில் டீக்கனாகவே திருவிருந்து நடத்த அவருக்கு அனுமதி தந்தார்கள். ஹாங்காங் பிஷப் ரொனால்ட் ஹாலுக்கு அது உறுத்தியது. குரு அல்லாதவரைத் திருவிருந்து நடத்தச் சொல்வதைவிட, குருவின் வேலையைச் செய்பவரைக் குருவாக்குவதுதானே முறை? போருக்கு நடுவே இருவரும் பயணப்பட்டு, தென் சீனத்தின் ஜாவ்சிங்கில் சந்தித்தார்கள். 1944 ஜனவரி 25 அன்று ஹால் அவர் தலைமேல் கைவைத்தார். ஆங்கிலிக்கன் உலகின் முதல் பெண் குரு!

போர் முடிந்தது, சபைத் தலைவர்களுக்குச் சட்டம் நினைவுக்கு வந்தது. குருப்பணியை லீ விட வேண்டும், இல்லையேல் ஹால் பதவி விலக வேண்டும் என்று 1946-இல் நெருக்கினார்கள். குண்டு விழுந்த காலத்தில் அவர் கையால் அப்பம் வாங்கிய சபை, அமைதி வந்ததும் அந்தக் கையைத் தட்டிவிட்டது. இதை நான் கோழைத்தனம் என்றே சொல்வேன். லீ தன் பிஷப்பைக் காப்பாற்ற உரிமப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார். குருத்துவத்தைத் துறக்கவில்லை. ஹெப்பு என்ற ஊரின் சேகரத்துக்குப் போய் வேலையைத் தொடர்ந்தார்.

1948-இல் சீனச் சபை, இருபது ஆண்டு சோதனையாகவாவது பெண்களுக்குக் குருப்பட்டம் தரலாமா என்று உலக ஆங்கிலிக்கன் பிஷப்புகள் கூடும் லாம்பெத் மாநாட்டிடம் கேட்டது. கூடாது என்றார்கள் பிஷப்புகள்.

பிறகு மாவோவின் சீனம். ஆலயங்கள் மூடப்பட்டன. கலாச்சாரப் புரட்சியில் லீ தன் ஆராதனை அங்கிகளைத் தானே கத்தரிக்கோலால் வெட்டிப் போடும்படி ஆனது. 1971-இல் ஹாங்காங் ஜேன் ஹ்வாங், ஜாய்ஸ் பென்னட் என்ற இரு பெண்களுக்குக் குருப்பட்டம் தந்தபோது, லீ கண்காணிப்பின் கீழ்ச் சீனத்தில் இருந்தார்.

முதுமையில் கனடா போய் மறுபடியும் பீடத்தில் நின்றார். 1984-இல் அவருடைய குருத்துவத்தின் 40-ஆம் ஆண்டை லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் கொண்டாடினார்கள். இங்கிலாந்து திருச்சபையில் அன்றைக்கும் ஒரு பெண்ணுக்குக்கூடக் குருப்பட்டம் கிடையாது.

(தொடரும்)