குந்திரிக்க எண்ணெய்

பாஸ்வெல்லியா வகை மரங்களின் பிசினை நீராவியில் வடித்து எடுக்கும் நறுமண எண்ணெய். இவற்றில் புகழ்பெற்ற பாஸ்வெல்லியா சாக்ராவின் தாயகம் ஓமானின் தோஃபார் பகுதி, ஏமன், சோமாலியா.

வேனிலில் மரப்பட்டையை ‘மங்கஃப்’ என்ற சிறு கத்தியால் சீவிவிடுவார்கள். பால்போலக் கசியும் பிசின், நாள்பட வெயிலில் இறுகிக் கட்டியாகும். முதல் சீவலுக்கு அவ்வளவு மதிப்பில்லை. பிந்தைய சீவல்களில் கிடைக்கும் வெளிறிய, கண்ணாடிபோன்ற கட்டிகளுக்குத்தான் விலை. இந்தச் சரக்கு கப்பலேறிய, தோஃபாரின் பழைய சும்ஹுரம் துறைமுகத்தின் இடிபாடுகள் 2000இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடு ஒன்றும் அங்கே கிடைத்திருக்கிறது.

நறுமணச் சிகிச்சையில் மன இறுக்கம் தளரவும் தியானத்துக்கும் இந்த எண்ணெயைப் பயன்படுத்துகிறார்கள். டிஃப்யூசரில் மூன்று நான்கு சொட்டு போதும். உடம்பில் தேய்க்க, தேங்காயெண்ணெய் போன்றவற்றில் சுமார் 2 விழுக்காடு கலப்பார்கள். இதன் பைன் வாடைக்குக் காரணம் ஆல்ஃபா பைனீன் என்ற சேர்மம்.

மூட்டுவலி போகும் என்ற விளம்பரத்தை மட்டும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். அழற்சியைத் தணிப்பதாகச் சொல்லப்படும் பாஸ்வெல்லிக் அமிலங்கள் எளிதில் ஆவியாகாதவை; வடிக்கும்போது பெரும்பாலும் பிசினிலேயே தங்கிவிடுகின்றன.

குந்திரிக்கம் தரும் இன்னொரு வகையான, எத்தியோப்பியாவில் வளரும் பாஸ்வெல்லியா பாபிரிஃபெராவின் காடுகளில் கால்நடை மேய்ச்சலாலும் தீயாலும் இளங்கன்றுகள் தலையெடுப்பதில்லை என 2019இல் ஓர் ஆய்வு எச்சரித்தது.